வெளி அடுப்படி அலமாரி: மதுரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் எது தாங்கும்?

அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டேன். விரலோடு பெயர்ந்து வந்தது. தாள் தாளாகப் பிரிந்து, ஓரம் உப்பி, தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரிக் கிடந்தது. உள்ளே அம்மா வைத்திருந்த பணியாரக் கல்லின் மேல் கரையான் மண் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. மேலே ஒட்டியிருந்த சன்மைக்கா மட்டும் புதுசு போலப் பளபளவென்று இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் அந்த அலமாரி செத்துப்போனது தெரியாது.

ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீட்டின் புறக்கடையில் அந்த வெளி அடுப்படியைக் கட்டி அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை. "வாட்டர் ப்ரூஃப் பிளைதான் சார், ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் போட்டுக் கொடுத்தார்கள். கழற்றிப் போட வந்த ஆசாரி ஒரு துண்டைக் கையில் எடுத்து, ஓரத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். "மேல மூடிட்டாங்க தம்பி. ஓரத்த மூடல. தண்ணி மேல இருந்து குடிக்காது, கீழ இருந்துதான் குடிக்கும்." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் கடை கடையாக ஏறி இறங்கியதும், கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் அலுமினிய வேலைக்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. எந்தப் பலகை நல்லது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் ஏமாந்துவிடுவோம். அலமாரியின் உடம்பைக் கல்லிலும் செங்கல்லிலும் கட்டிவிட்டு, கதவுக்கு மட்டும் என்ன போடலாம் என்று யோசிப்பதே நம்ம ஊருக்குச் சரி. என் முடிவு இதுதான். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

மதுரை வட்டாரத்தில் வெளியே அடுப்பு வைப்பது புதுப்பழக்கம் இல்லை. கருவாடு வறுக்க, மீன் பொரிக்க, தீபாவளிக்கு முறுக்குப் பிழிய, கிடா வெட்டினால் பெரிய தேக்சாவில் கறி வேக வைக்க என்று புறக்கடையில் ஒரு கோட்டை அடுப்பு எப்போதும் இருந்தது. அன்றைக்கு அங்கே அலமாரி கிடையாது. சாமான்கள் உள்ளேயிருந்து வரும், வேலை முடிந்ததும் உள்ளே போகும். இப்போது வீட்டுக்குள் சமையல்கட்டு ஹாலோடு ஒட்டித் திறந்து கிடக்கிறது. கருவாட்டு வாசம் சோபாவில் ஏறுகிறது. அதனால் வெளி அடுப்படிக்கு கேஸ் அடுப்பு, சிங்க், மேடை எல்லாம் வந்துவிட்டன. மேடைக்குக் கீழே அலமாரியும் கேட்கிறோம். வீட்டுக்குள் போடும் அதே அலமாரியை அப்படியே தூக்கி வெளியே வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம் ஊர் வானிலையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மதுரையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. கேரளத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதில் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மற்றபடி சித்திரையிலும் ஆவணி, புரட்டாசியிலும் சாயங்காலம் மேற்கே கறுத்து இடியோடு ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போகும். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் வெயில் 38, 40 டிகிரி. நிழலில் அளப்பதுதான் அந்தக் கணக்கு. நேர் வெயிலில் நிற்கும் ஒரு கறுப்புப் பலகையின் மேற்பரப்பு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படிக் காய்ந்து கிடக்கும் பொருளின் மேல் மாலை நாலரைக்கு மழை சடாரென்று விழுகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி சுடுகிறது.

தொடர்ந்து நனைந்தே இருப்பதைக்கூட மரம் ஒருவிதத்தில் தாங்கிக்கொள்ளும். காய்வதும் நனைவதும் மாறி மாறி வருவதுதான் கொல்கிறது. ஈரம் ஏறும்போது மரம் அகலவாக்கில் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இருக்காது. இந்த இழுபறியில் பசை விடுகிறது, பெயிண்ட் வெடிக்கிறது, திருகாணிப் பொத்தல் பெரிதாகிறது. வெடிப்பு வழியே அடுத்த மழை உள்ளே போகிறது. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போக ஆரம்பிக்கும். ஈரம் இருக்கும் இடத்துக்குக் கரையான் தானாக வரும்.

இப்போது பிளைவுட்டுக்கு வருவோம். ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். பிளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பசை போட்டு அழுத்தியது. குறுக்கும் நெடுக்குமாக வைப்பதால் உப்பல் கட்டுப்படுகிறது. எம்.ஆர். என்று முத்திரை குத்தியிருப்பதில் யூரியா வகைப் பசை. அது காற்றில் உள்ள ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்ற எண்ணோடு வரும் மரைன் பிளையில் ஃபீனால் வகைப் பசை. அதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். அதிலும் பசை விடக்கூடாது. கடைக்காரர் "கொதிக்க வச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் அந்தச் சோதனை பசைக்குத்தான். தாள்களாக இருக்கும் மரம் மரமாகவேதான் இருக்கிறது. வெட்டிய ஓரத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வாய் திறந்து நிற்கின்றன, உறிஞ்சு குழாய் மாதிரி. மரைன் பிளையே ஆனாலும் ஓரத்தை எபாக்ஸியோ நல்ல வெளிப்புற பெயிண்டோ போட்டு மூடாமல் விட்டால், தரையைத் தொடுகிற அந்த ஓரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் ஓரத்தில் ஒட்டுகிற எட்ஜ் பேண்ட் வெளியே உதவாது. அதைச் சூட்டில் உருகும் பசையால்தான் ஒட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகி, பட்டை நாக்கு மாதிரித் தொங்க ஆரம்பித்துவிடும். சன்மைக்கா ஒட்டும் வெள்ளைப் பசையும் ஈரமும் சூடும் சேர்ந்தால் நிற்காது. எங்கள் அலமாரியில் போட்டிருந்தது மரைன் பிளைகூட இல்லை என்பது பிறகு பின்பக்கத்து முத்திரையைப் பார்த்தபோது தெரிந்தது. பணம் கொடுக்கும் முன்னாலேயே பலகையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பாருங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே 710 என்ற எண், இரண்டும் பலகையின் மேலேயே இருக்க வேண்டும். பில்லில் எழுதிக் கொடுப்பது போதாது.

எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்தவை, ஒரு மழைக்கே பன் ரொட்டி மாதிரி ஊதிவிடும். ஈரம் தாங்கும் அழுத்தப் பலகை என்று விற்பதும் வீட்டுக்குள் சிங்க் அடியில் போடத்தான் தகும்.

அதனால்தான் உடம்பைக் கல்லில் கட்டச் சொல்கிறேன். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் வீடுகளில் கடப்பாக் கல் பதித்த சுவர் அலமாரிகள் முப்பது நாற்பது வருஷமாக அசையாமல் நிற்கின்றன. மேடைக்குக் கீழே நாலரை இஞ்சுச் செங்கல் சுவர்களை இரண்டடி, இரண்டரை அடிக்கு ஒன்றாக எழுப்பி, நடுவில் கடப்பாக் கல்லையோ, கம்பி வலை வைத்து வார்த்த பெரோ சிமெண்ட் பலகையையோ தட்டாகச் சொருகினால் உடம்பு முடிந்தது. மழையும் கரையானும் அதை ஒன்றும் செய்ய முடியாது. உள்பக்கம் வெள்ளை டைல் ஒட்டிவிட்டால் கழுவவும் எளிது, பூச்சி ஊர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கொத்தனாரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அடித்தளம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிவாக இருக்க வேண்டும். மட்டப்பலகை வைத்தால் நீர்க்குமிழி லேசாக ஒதுங்கி நிற்கிற அளவு போதும். சாரல் உள்ளே அடித்தாலும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். நம் கொத்தனார்கள் மட்டம் தவறக்கூடாது என்பதில் கறாரானவர்கள். சொல்லாவிட்டால் அலமாரியைத் தொட்டி மாதிரி மட்டமாகவே முடித்துவிடுவார்கள்.

கடப்பாக் கல்லும் கிரானைட்டும் ஒன்றில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், பாத்ரூம் கழுவும் ஆசிட் எது பட்டாலும் வெளுத்து அரிக்கும். அடுக்கடுக்காகப் பெயரவும் செய்யும். உள்தட்டுக்கு அது போதும், மேடைக்கு வேண்டாம். கிரானைட்டை ஆசிட் அவ்வளவாகத் தொடாது. அது நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, மேலூர் வட்டாரமே கிரானைட்டுக்குப் பேர்போனது. ஆனால் நிறத்தைப் பார்த்து எடுங்கள். கறுப்பு கிரானைட் வெயிலில் கை வைக்க முடியாமல் சுடும். ரொம்ப வெளிர் நிறம் எண்ணெயைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறைபடும், அதற்கு வருஷம் ஒருமுறை சீலர் பூச வேண்டும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் எடுத்தோம். மேடையின் முன் விளிம்பை அலமாரிக் கதவைவிட ஒன்றரை இஞ்சு முன்னால் நீட்டி, அடிப்பக்கத்தில் விளிம்போடு சேர்த்து ஒரு சின்னக் காடி அறுக்கச் சொன்னோம். மேடையில் வழியும் தண்ணீர் கல்லின் அடியோடு ஒட்டிக்கொண்டே பின்னால் ஓடிக் கதவின் மேல் இறங்கப் பார்க்கும். அந்தக் காடியில் வந்ததும் மேற்கொண்டு போக முடியாமல் சொட்டிவிடும். அரை மணி நேரக் கட்டர் வேலைதான் அது.

மொட்டை மாடியில் கட்டுபவர்கள் பாரத்தை நினைக்க வேண்டும். நாலரை இஞ்சுச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும், 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு 54 கிலோ. பத்தடி மேடையும் மூன்று நாலு குறுக்குச் சுவரும் சேர்ந்தால் அரை டன்னைத் தொடும். கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல்தான் அதை வைக்க வேண்டும். வீடு கட்டிய இஞ்சினியரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. மாடியில் குறுக்குச் சுவருக்குப் பதில் பெரோ சிமெண்ட் பலகையையே நிறுத்தலாம், பாரம் நாலில் ஒன்றாகும். இல்லையென்றால் அலுமினியச் சட்டம். எதை வைத்தாலும் மாடியில் தட்டோடு (தரை ஓடு) பதித்த தளத்தில் துளை போட்டு ஆணி அடிக்க விடாதீர்கள். அந்தப் பொத்தல் வழியாகக் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும்.

இனி கதவு. எந்தப் பொருள் என்று கேட்கும் முன்னால், கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும்.

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றே குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில், பகல் 12.15 வாக்கில் நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. "வடக்குச் சுவர் எப்பவும் நிழல்" என்று வெளிநாட்டில் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே நம்பினால், கோடையில் நாலரை மாதம் அந்தச் சுவரில் வெயில் விழும். ஆனால் வடக்கோ தெற்கோ, நடுப்பகல் சூரியன் உயரத்தில் நிற்பதால் மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேடு அதை மறைத்துவிடும். மறைக்க முடியாதது மேற்கு. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, எந்தக் கூரைக்கும் அடியில் புகுந்து கதவை நேராக அடிக்கும். பெயிண்ட் வெளுப்பது, பிளாஸ்டிக் மஞ்சளாவது, பலகை வளைவது எல்லாம் மேற்குப் பார்த்த கதவில்தான் முதலில் நடக்கும்.

இங்கே நம் வாஸ்து ஒரு முடிச்சைப் போடுகிறது. அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்படி வைத்து, கிழக்குப் பார்த்து நின்று சமைக்க வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளில் மாற்ற முடியாத விதி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அம்மா அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் கிழக்குப் பார்த்து நின்றால் மேடைக்குக் கீழுள்ள கதவுகள் அவர் முழங்காலைப் பார்த்து, அதாவது மேற்கைப் பார்த்து நிற்கும். விதியை மாற்ற வேண்டாம், மேற்கே மறைப்பு கொடுத்தால் போதும். சில வீடுகளில் மேற்கே வீட்டுச் சுவரே நிற்பதால் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும். எங்களுக்கு அந்தப் பக்கம் திறந்த வெளி. மூங்கில் தட்டி ஒன்று நிறுத்தி, பக்கத்தில் முல்லைக் கொடியை ஏற்றிவிட்டோம். கதவுக்குச் செலவழித்த எதையும்விட அந்தத் தட்டி அதிகம் உழைக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழையின் சாரல் கிழக்கிலும் வடக்கிலும் இருந்துதான் வரும். அந்தப் பக்கம் மேடைக்குப் பின்னாலுள்ள மதில் தடுத்துக்கொண்டது.

கதவுக்கு மரம் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்குத் தேக்கு இருக்கிறது. ஆனால் தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது, வைரம் பாய்ந்த தேக்காக இருக்க வேண்டும். மரத்தின் நடுப்பாகமான வைரத்தில்தான் கரையானையும் பூஞ்சணத்தையும் தடுக்கும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. சுற்றியுள்ள வெளிர் நிற வெள்ளைப் பாகத்தைக் கரையான் சும்மா விடாது. சீக்கிரம் வளர்த்து வெட்டிய இளந்தேக்கில் வெள்ளைதான் அதிகம். செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளை இடித்து எடுத்த நிலை, கதவு, உத்தரங்களை வாங்கி அறுத்துக்கொண்டால் காய்ந்து பழகிய மரம் கிடைக்கும். புதுத் தேக்கை வாங்கிப் பச்சையாகவே கதவு செய்து, அது முறுக்கிக்கொள்வதைப் பார்ப்பதைவிட அது மேல்.

அந்தப் பழைய கதவு ஒன்றை நிறுத்திவைத்துப் பார்த்தால் கதவு செய்யும் பாடமும் அதிலேயே இருக்கும். சுற்றிலும் தடித்த சட்டம், நடுவில் பலகை. ஆணியோ பசையோ போட்டு அந்தப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய காடிக்குள் அது சும்மா உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் நூலளவு இடைவெளியோடு. ஐப்பசியில் பலகை உப்பினால் அந்த இடைவெளிக்குள் நகரும், பங்குனியில் சுருங்கினால் திரும்பி வரும். சட்டம் அசையாது, கதவு இறுகிக்கொள்ளாது. எங்கள் ஆசாரி கதவைச் சேர்த்த பிறகு பலகையை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். லேசாகக் கடகடவென்று ஆடியது. வேலை சரியில்லையோ என்று நான் பார்த்தேன். "இது ஆடணும் தம்பி. ஆடலைன்னாதான் வெடிக்கும்" என்றார். ஒரே பலகையில் தட்டையாகக் கதவு செய்து மேலே சன்மைக்கா ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆட்டத்தில் இருக்கிறது.

தேக்குக்குப் பணம் இல்லையென்றால் வேங்கை நல்லது. பூவரசும் ஈரம் தாங்கும். வேப்பமரத்தைக் கரையான் அவ்வளவாக அண்டாது என்பது உண்மைதான், ஆனால் முறுக்கும், வெடிக்கும். அகலமான பலகைக்கு எடுக்காதீர்கள்.

பி.வி.சி. ஃபோம் போர்டு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. என்று இப்போது எல்லாக் கடையிலும் அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீரும் கரையானும் இதை ஒன்றும் செய்யாது. அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இதன் எதிரி தண்ணீர் இல்லை, சூடு. பி.வி.சி. 75, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் பொருள். அடுப்புக்குப் பக்கத்துக் கதவும், மேற்கு வெயில் படும் கதவும் அந்த எல்லைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. போதாததற்கு, சூட்டில் நீளுவதும் அதிகம். ஒரு மீட்டர் பலகை 40 டிகிரி சூடேறினால் பி.வி.சி. ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிரானைட் அதில் மூன்றில் ஒரு பங்கு. காலையில் சரியாகச் சாத்திய கதவு மத்தியானம் இடிப்பதற்கும், கீல் போட்ட திருகாணி சில வருஷத்தில் தொளதொளவென்று ஆவதற்கும் காரணம் இதுதான். நிழலில், சிங்க்குக்கு அடியில், சின்ன அளவுக் கதவுக்கு இது அருமையான பொருள். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக எடுங்கள். கறுப்பும் அடர் காபி நிறமும் சூட்டை இழுக்கும்.

வெளிப்புறத்துக்கென்றே புற ஊதாக் கதிர் தாங்கும் பூச்சோடு வரும் தடித்த லேமினேட் பலகைகள் நன்றாகவே உழைக்கின்றன, விலைதான் கையைக் கடிக்கும். ஏ.சி.பி. ஷீட்டை அடுப்பு இருக்கும் இடத்தில் போடவே வேண்டாம். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே சாதாரண வகையில் இருப்பது பாலித்தீன், அது எரியும். லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்ததற்கு அப்படிப்பட்ட சுவர் உறைதான் முக்கியக் காரணம். கடையின் பெயர்ப் பலகைக்கு வைக்கும் பொருளை எண்ணெய் கொதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

முழு அலுமினியம் வேறு. அதன் மேல் தானாகவே ஒரு ஆக்சைடு படலம் உருவாகி உள்ளே காப்பாற்றும். துரு இல்லை, பாரம் இல்லை, நம்ம ஊர் ஜன்னல் வேலைக்காரர்களுக்குப் பழகிய பொருள். சாய்வாக அடுக்கிய லூவர் பட்டை போட்ட அலுமினியக் கதவு காற்றையும் விடும், சாரலையும் தடுக்கும். இரண்டு எச்சரிக்கை: ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும், அதனால் பூச்சு வேலையும் டைல் வேலையும் முடிந்து காய்ந்த பிறகே கதவை மாட்ட வேண்டும். திருகாணி சாதாரண இரும்பாக இருக்கக் கூடாது. ஈரம் பட்டால் துருவும் கறையும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

எவர்சில்வரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கடலே இல்லாத ஊர், ஸ்டீல் எப்படித் துருப்பிடிக்கும்?" என்று நானும் நினைத்தவன்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்துகிறது. அந்தத் தோலைக் கிழிப்பது குளோரைடு, அதாவது உப்பு. ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் உப்பு காற்றில் வரும், அங்கே மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் தேவை. மதுரையில் உப்பு போர் தண்ணீரில் வருகிறது. வாளியில் பிடித்து வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீரைத்தான் வெளி அடுப்படியில் பாத்திரம் கழுவப் பயன்படுத்துகிறோம். நல்ல தண்ணீரை அதற்குச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. அந்தத் தண்ணீர் கதவின் மேல் தெறித்துக் காய்ந்து, தெறித்துக் காய்ந்து, உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. வெள்ளைக் கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்போம். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், குளோரைடுதான். மறுவாரம் செம்புள்ளிகள் வரும். வெள்ளைக் கறைக்கு எலுமிச்சைத் தோலோ வினிகரோ தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டால் போதும்.

மதுரைக்கு 304 ரகம் போதும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளது. கடைகளில் அதிகம் கிடைப்பது 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, உப்பு பட்டால் 202 சீக்கிரம் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டலை, நல்ல ஸ்டீல்தான்" என்பார்கள். காந்தம் 304-இலும் ஒட்டாது, 202-இலும் ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனை உண்டு. மொத்தக் கடைகளில் கேட்டால் செய்து காட்டுவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம், கதவுக்கும் சிங்க்குக்கும் சேர்த்து விலை வித்தியாசம் கணிசமானது.

பவுடர் கோட்டிங் செய்த இரும்புத் தகடு மலிவு. ஆனால் துளையிட்ட இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் துரு புகுந்து, பூச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில், எல்லாத் துளையும் போட்டு முடித்த பிறகு, பாலியெஸ்டர் பவுடர் பூசச் சொல்லுங்கள். எபாக்ஸி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

கீல், கொண்டி விஷயத்தில் பழைய பாணிதான் வெளியே நிற்கும். மாடுலர் கிச்சனில் போடும் மெதுவாய் மூடும் கீலுக்குள் ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கின்றன, ஆடிக்காற்றுப் புழுதி ஒரு பருவத்தில் அதை அடைத்துவிடும். டிராயர் சேனலில் ஓடும் குண்டுகளுக்கும் அதே கதி. 304 ஸ்டீலிலோ பித்தளையிலோ சாதாரண இலைக் கீல், ஒரு கொண்டி, ஒரு நாதாங்கி. டிராயரே வேண்டாம், கரண்டிக்கு மதிலில் கொக்கி அடித்தால் போதும். கீலைப் பிடிக்க மரச் சட்டமும் வேண்டாம். பாத்ரூமுக்குக் கிரானைட் நிலை வைப்பதுபோல, அலமாரி வாய்க்கு மூன்று இஞ்சுக் கிரானைட் பட்டையைப் பதித்துத் துளையிட்டுக்கொள்ளலாம்.

கதவின் அடி விளிம்பு தரையிலிருந்து ஆறு இஞ்சாவது மேலே இருக்க வேண்டும். கழுவிவிடும் தண்ணீரும், கூரையிலிருந்து விழுந்து தெறிக்கும் மழையும் அந்த ஆறு இஞ்சுக்குள்தான் அதிகம். கரையானுக்கும் அதே இடைவெளி பாதுகாப்பு. அது மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும், வெட்டவெளிச்சத்தில் ஏறினால் விளக்குமாற்றால் தட்டிவிட முடியும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் கட்டுபவர்கள் மேடைக்குத் தனி அஸ்திவாரம் கேட்டு வாங்குங்கள். கோடையில் அந்த மண் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும். மேலே நிற்கும் கல் அலமாரி வாய் கோணினால் எந்தக் கதவும் சாத்தாது.

சிலிண்டர் வைக்கும் அறைக்கு மட்டும் வேறு கணக்கு. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் அந்த அறையின் அடிமட்டத்தில் திறப்பு இருந்தே ஆக வேண்டும், மேலேயும் ஒன்று இருந்தால் காற்று ஓடும். எலி புகாமல் கம்பி வலை போடுங்கள், அடைத்துவிடாதீர்கள். சிலிண்டர் நின்ற நிலையிலும், அடுப்பு அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும். ரப்பர் குழாயில் நேர் வெயில் படக் கூடாது. இந்த அறைக்குத்தான் அலுமினிய லூவர் கதவு மிகப் பொருத்தம்.

எங்கள் அடுப்படியில் கடைசியில் வந்து நின்றது இப்படி: உடம்பு செங்கல், தட்டு கடப்பா, மேடை சாம்பல் கிரானைட், சிலிண்டர் அறைக்கும் சிங்க் அடிக்கும் அலுமினிய லூவர், நடுவில் மூன்று கதவு காரைக்குடிப் பழைய தேக்கில். ஐந்து கதவும் ஒரே மாதிரி இல்லையே என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அவை படும் பாடும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு ஐப்பசி போய்விட்டது. தேக்குக் கதவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, தட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு ஓரம் மட்டும் சாம்பல் நிறமாகியிருக்கிறது. வெயில் மரத்தின் மேல்தோலை வெளுக்கச் செய்வதுதான் அது, பலம் குறையவில்லை.

வார்னிஷ் அடிக்கவில்லை. வார்னிஷ் படலமாக நின்று வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைச் சிறைபிடிக்கும். எண்ணெய் ஊறி உள்ளே போகும், திரும்பப் பூசச் சுரண்ட வேண்டியதில்லை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் கரையானுக்கு நல்ல மருந்து, ஆனால் கறுப்பாக்கும், தோலில் பட்டால் கொப்புளம் போடும். பின்பக்கத்துக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு பூசினோம். முன்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து, வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடிக்காற்று தொடங்கும் முன் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேர வேலை. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.